எதிர்க்கரைக்காரி படிக்காமல் ஒரு வரியும் ஏறாது

மூன்றாவது சுற்று முடிந்து பெரிய பலகையில் ‘சமம்’ என்ற சொல் எழுந்ததும், செம்பகக்காயலின் இரண்டு கரையும் ஒன்றாக எழுந்து நின்றன. அடுத்த கணம் வானம் இடிந்து விழுந்ததுபோல ஒரு கூச்சல். நடுவர் மேடைக்குக் கீழே தகரக் கொட்டகையில் லேப்டாப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஜின்ஸி, நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்து நின்று கத்தினாள். நூறு பேர் துடுப்புப் போடும் இரண்டு சுண்டன் வள்ளங்கள் முடிவுக்கோட்டை ஒன்றாகத் தொட்டன. பலகையும் ஒன்றாகத் தொட்டன என்றே சொல்லிவிட்டது. இதில் கத்துவதற்கு என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரன் கேட்பான். போன வருஷம் இங்கே நின்றிருந்தால் கேட்டிருக்க மாட்டான்.

“பாத்தியாடா ஷிபு! சமம்னு சொல்லிடுச்சுடா!”

ஷிபு கத்தவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்தவன் பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டான்.

“ஃபைனல் இன்னும் பாக்கி இருக்கு ஜின்ஸி. அது முடியறவரைக்கும் என்ன சிரிக்கச் சொல்லாத.”

அவன் பயந்ததிலும் நியாயம் இருந்தது. போன வருஷம்தான் ரோய்ச்சனின் கம்பெனி முதல் தடவையாக இந்தப் பந்தயத்துக்கு நேரம் கணிக்கும் மென்பொருளைச் செய்து கொடுத்தது. ஆலப்புழையில் ஒரு கயிற்றுக் கடைக்கு மேல்மாடியில் நடக்கிற சின்னக் கம்பெனி. எழுதியவன் ஷிபு. இறுதிப் பந்தயத்தில் கொற்றங்குழி சுண்டனும் வடக்கேச்சிறை சுண்டனும் ஒரே நேரத்தில் கோட்டைத் தாண்டின. இரண்டும் சமமாக வந்தால் என்ன செய்வது என்று மென்பொருளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அது தன் பட்டியலில் முதலில் இருந்த பெயரைப் பலகையில் ஏற்றிவிட்டது: கொற்றங்குழி.

பட்டியலில் கொற்றங்குழி ஏன் முதலில் இருந்தது? ஷிபு கொற்றங்குழிக்காரன். எழுதிப் பார்க்கிற காலத்தில் சும்மா நாலு வள்ளத்தின் பெயரைப் போடும்போது எவனாவது எதிர்க்கரை வள்ளத்தை முதலில் போடுவானா? தன் வள்ளத்தைப் போட்டான். அந்த வரிசை அப்படியே பந்தயத்துக்கும் வந்துவிட்டது. கள்ளமே இல்லாத மடத்தனம்! ஆனால் பலகை செய்தவன் எந்தக் கரைக்காரன் என்று தெரிந்ததும், வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. அவன் ஸ்கூட்டர் கால்வாயில் கிடந்தது. ‘பலகைக் கள்ளன்’ என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயர் அவன் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

ரோய்ச்சன் அவனை வேலையைவிட்டு நிறுத்திவிட்டு விஷயத்தை முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தார். கம்பெனியில் பிழை பார்க்கிற வேலையில் இருந்த ஜின்ஸிதான் குறுக்கே விழுந்தாள். அவளோ வடக்கேச்சிறைக்காரி; தோற்ற கரை. அவள் அண்ணன் ஸிரில் அந்த வள்ளத்திலேயே துடுப்புப் போடுகிறவன்.

“ரோய்ச்சாயா, அவன நிறுத்தினா அடுத்து வர்றவனும் இதையேதான் செய்வான். எழுதினவனே பரீட்சை வச்சு, அவனே மார்க்கும் போட்டா எவன் ஃபெயிலாவான்? தப்பு நம்ம வேலை செய்யற முறையில இருக்கு. முறைய மாத்துங்க.”

“மாத்தி?”

“கொற்றங்குழிக்காரன் எழுதினா, வடக்கேச்சிறைக்காரி படிக்கணும். நான் எழுதினா அவன் படிக்கணும். எதிர்க்கரை ஆளு படிக்காம ஒரு வரி உள்ள ஏறக்கூடாது. சிநேகிதன் படிச்சா ‘கொள்ளாம், நல்லா இருக்கு’னுட்டு சாயா குடிக்கப் போயிடுவான். எதிரி படிச்சாத்தான் ஓட்டை தெரியும்.”

அன்றிலிருந்து கயிற்றுக் கடை மாடியில் சண்டைக்குக் குறைவில்லை. அவன் எழுதியதை அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தாள். அவள் எழுதியதில் அவன் பேன் பார்த்தான். ஒருமுறை வந்த பிழை எதுவானாலும், அதை ஒரு சோதனையாக எழுதி இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்றும் அவள் ஏற்பாடு செய்தாள். யார் எதை மாற்றினாலும் இயந்திரம் பழைய பிழைகளையெல்லாம் வரிசையாக நிறுத்தி, ‘இது திரும்ப வருமா, இது திரும்ப வருமா’ என்று கேட்கும். எல்லாம் பச்சையானால் மேலே போகலாம். ஒன்று சிவப்பானால் அத்தனை பேரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அதைத்தான் பார்க்க வேண்டும். ஒத்திகை நாளில் வாத்துக் கூட்டம் ஒன்று கோட்டைத் தாண்டி, ஒரு வாத்து மூன்றாம் பரிசு வாங்கியது. அதற்கும் ஒரு சோதனை உண்டு. வாத்து டெஸ்ட் என்றால் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

கடைசியாக ஒரு விதி இருந்தது. அதைக் கேட்டுத்தான் ரோய்ச்சன் தலையில் கை வைத்தார். நனையாத மாற்றம் பலகை ஏறாது. அதாவது, எதை மாற்றினாலும் உண்மையான தண்ணீரில் உண்மையான ஒரு படகாவது கோட்டைத் தாண்டிப் பலகை சரியாகச் சொல்ல வேண்டும்; அதற்கு அப்புறம்தான் பந்தயம். இந்த விதிகளைக் காட்டித்தான் பந்தயக் கமிட்டியிடம் இந்த வருஷமும் வேலையை வாங்கினாள் ஜின்ஸி. பலகை இன்னொரு தடவை பிசகினால் ஷிபு இந்தக் காயல் பக்கம் தலைகாட்ட முடியாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

அதனால்தான் ‘சமம்’ என்ற அந்தச் சொல்லைப் பார்த்ததும் அப்படிக் கத்தினாள்.

கத்திய தொண்டை ஆறுவதற்குள் கமிட்டிச் செயலாளர் புஷ்பாங்கதன் கொட்டகைக்குள் குனிந்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். முகத்தில் கல்யாணக் களையும் கலவரக் களையும் சேர்ந்திருந்தன.

“மோளே, பலகை கலக்கிடுச்சு. ஆனா ஒரு சங்கடம். ஃபைனல்லயும் இப்படிச் சமம்னு வந்தா என்ன பண்றது? கோப்பை ஒண்ணுதானே இருக்கு. நாலு வள்ளத்து கேப்டனும் இப்பதான் உக்காந்து பேசினாங்க. நொடிய நூறா வெட்டினது போதாது, ஆயிரமா வெட்டணும்கிறாங்க. கோட்டுல வச்ச உங்க கேமராவுக்கு அவ்வளவு கண்ணு உண்டா?”

“கேமராவுக்கு உண்டு சேட்டா,” என்றான் ஷிபு. “புரோகிராம்லதான் மாத்தணும்.”

“ஃபைனலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. பலகைய நிறுத்திட்டுப் பழையபடி கொடி அசைக்கச் சொல்லட்டுமா, இல்ல முடியுமா?”

ஷிபு ஜின்ஸியைப் பார்த்தான். கொடியை அசைத்துவிட்டால் அவனுக்கு நிம்மதிதான். ஆனால் பலகையை இழுத்து மூடினால், ‘கள்ளன் இருக்கான்னுதான் மூடிட்டாங்க’ என்று ஊர் பேசும். அந்தப் பெயர் அவனோடு குழி வரைக்கும் வரும்.

“முடியும்,” என்றாள் ஜின்ஸி. சொல்லிக்கொண்டே நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

ஷிபு உட்கார்ந்தான். அவன் விரல்கள் ஓடின. அவள் பின்னால் நின்று நகத்தைக் கடித்தாள். சின்ன மாற்றம்தான். எழுதி முடித்துவிட்டு நாற்காலியைவிட்டு எழுந்தான். அவள் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தாள்.

அதற்குள் ரோய்ச்சன் வந்துவிட்டார். வெள்ளை ஜிப்பா, கழுத்தில் சங்கிலி, கையில் பாதி கடித்த பரிப்புவடை.

“என்னடா, இன்னும் ஏத்தலியா? ஒரு எண்ணை மாத்தறதுக்கு ஊரக் கூட்டணுமா?”

“போன வருஷம் ஊரு தானாவே கூடிச்சே ரோய்ச்சாயா, மறந்துட்டீங்களா?” என்றாள் ஜின்ஸி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“எடி, அங்க வள்ளம் எல்லாம் இறங்கப் போகுது!”

“பதறாத காரியம் சிதறாது. வடைய முடிங்க.”

அவள் படித்ததில் ஒரு குறையும் தெரியவில்லை. சரி என்று அவளே ஒப்புக்கொண்டு இயந்திரத்தை ஓடவிட்டாள். திரையில் சோதனைகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகி இறங்கின. மழைத்துளி, பச்சை. வாத்து, பச்சை. நடுவில் நின்றுபோன வள்ளம், பச்சை. ரோய்ச்சன் “ஆ, போதும், ஏத்து” என்று சொல்லி வாயை மூடுவதற்குள் ஒரு வரி ரத்தச் சிவப்பில் நின்றது.

அது போன வருஷத்துப் பிழைக்கென்று எழுதி வைத்த சோதனை.

ஷிபுவின் முகத்தில் ஈயாடவில்லை. “அய்யோ, என் கர்த்தாவே! மறுபடியும் அதுவா?”

“தள்ளு, தள்ளு, சேர்ந்து பாப்போம்.”

இரண்டு தலைகளும் ஒரு திரைக்கு முன்னால் முட்டிக்கொண்டன. கண்டுபிடித்தது ஷிபுதான். இரண்டு நேரமும் சமமா என்று கேட்கிற இடத்தில் அவன் ஆயிரத்துக்கு மாற்றியிருந்தான். யார் முந்தி என்று தீர்மானிக்கிற இடம் இன்னும் பழைய நூறிலேயே நின்றது. ஒரு வள்ளம் நூலிழையில் முந்தி வந்தால், சமமா என்று கேட்கிற இடம் ‘சமம் இல்லை’ என்று சொல்லும். யார் முந்தி என்று பார்க்கிற இடத்துக்கோ வித்தியாசமே தெரியாது. என்ன செய்யும்? பட்டியலில் முதலில் இருக்கிற பெயரைத் தூக்கிக் கொடுத்துவிடும்.

“பட்டியல்ல இப்ப யாரு முதல்?” என்று கேட்டாள் ஜின்ஸி. கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. பட்டியல் இந்த வருஷம் தடத்தின் வரிசையில் இருந்தது. காலையில் சீட்டுக் குலுக்கியதில் ஒன்றாம் தடம் கொற்றங்குழிக்கு விழுந்திருந்தது.

ரோய்ச்சன் மீதி வடையை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

“நான் படிச்சுட்டுச் சரின்னேன்,” என்றாள் ஜின்ஸி. “என் கண்ணுக்கும் தப்பிச்சிருச்சு.”

“என் கைக்குத் தப்பிச்சது உன் கண்ணுக்குத் தப்பிச்சு, அதுக்கிட்ட மாட்டிக்கிச்சு பாரு!” ஷிபு இயந்திரத்தைக் காட்டிச் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அன்று அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. இப்படி ஒரு பிழை கையும் களவுமாக அகப்படுகிறபோது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பயம் எல்லாம் உருகி, உடம்பெங்கும் ஒரு வேகமாக ஓடும்.

அவன் திருத்தினான், அவள் படித்தாள். இந்தத் தடவை எழுத்துக்கு எழுத்து வாய்விட்டே படித்தாள். தடத்தின் வரிசையைத் தலைகீழாக்கியும் ஒரு சோதனை எழுதிச் சேர்த்தாள். இயந்திரம் ஓடியது. மேலிருந்து கீழ்வரை ஒரே பச்சை.

“இனி நனைக்கணும்,” என்றாள்.

“எடி மோளே, இப்ப படகுக்கு நான் எங்க போவேன்?” என்று அலறினார் புஷ்பாங்கதன்.

“கரையில ரெண்டு தோணி சும்மாதானே கிடக்கு? கமிட்டி மோட்டார் படகு இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு மூங்கில் போட்டுக் கட்டுங்க. ஒரு தோணி மூக்கு இன்னொண்ண விட ஒரு விரல்கடை முந்தி நிக்கட்டும். மோட்டார்ல கட்டி வேகமா இழுங்க. அந்த ஒரு விரல்கடைய பலகை சொல்லணும். ஒன்றாம் தடத்துல பிந்தின தோணி வரணும், அதான் முக்கியம்.”

“தோணில ஆளு வேணாமா?”

ஜின்ஸி ரோய்ச்சனைப் பார்த்தாள். ஷிபுவும் பார்த்தான்.

“என்ன ஏண்டா பாக்கறீங்க?” என்றார் ரோய்ச்சன்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு கரையிலும் கூடியிருந்த ஜனம் காணக் கிடைக்காத காட்சி ஒன்றைக் கண்டது. மோட்டார் படகு சீறிக்கொண்டு வருகிறது. அதன் பின்னால் ஒட்டிக் கட்டிய இரண்டு தோணிகள் துள்ளித் துள்ளி வருகின்றன. ஒன்றில் கமிட்டிச் செயலாளர், பறக்கிற வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. இன்னொன்றில் வெள்ளை ஜிப்பாவோடு ரோய்ச்சன், இரண்டு கையாலும் தோணியையும் வாயால் தன் தேவாலயத்துப் புண்ணியவாளனையும் பிடித்துக்கொண்டு. யார் எவர் என்றே தெரியாமல் ஜனம் “ஆர்ப்போ! இர்ரோ!” என்று ஆர்ப்பரித்தது. கோட்டைத் தாண்டியதும் பலகை மினுங்கியது. முதலில் இரண்டாம் தடம், பிறகு ஒன்றாம் தடம்; வித்தியாசம் நொடியில் ஆயிரத்தில் நாலு பங்கு.

கரையேறிய ரோய்ச்சனின் ஜிப்பா பிழிந்தால் ஒரு குடம் தேறும். “இவ்வளவு காலம் கம்பெனி நடத்தி, ஒரு விரல்கடையில தோத்தேனா!” என்றார். ஆனால் முகமெல்லாம் பல். “ஏத்துடி மோளே, பலகைய ஏத்து!”

இறுதிப் பந்தயம் தொடங்கியது. வெடி வெடித்ததும் நாலு சுண்டன்களும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கிளம்பின. துடுப்புகள் ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியவில்லை, தண்ணீர் தெறிப்பதுதான் தெரிந்தது. பாதித் தூரத்தில் இரண்டு வள்ளங்கள் பின்தங்கின. மிஞ்சியவை எவை என்று சொல்லவும் வேண்டுமா? கொற்றங்குழியும் வடக்கேச்சிறையும்தான், மூக்கோடு மூக்கு.

ஜின்ஸி தான் யார் என்பதையே மறந்தாள். மேசைமேல் ஏறி நின்று, “ஸிரில் சேட்டாயீ! துடுப்ப வலி! வலிச்சுப் போடு!” என்று அண்ணனுக்குக் கத்தினாள். பக்கத்தில் ஷிபு வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். அந்தக் காயல்கரையில் தன் சொந்த வள்ளம் தோற்கவேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே கொற்றங்குழிக்காரன் அவன்தான்.

வள்ளங்கள் கோட்டைத் தாண்டின. பலகை ஒரு கணம் இருண்டு, பிறகு எரிந்தது.

கொற்றங்குழி. ஆயிரத்தில் மூன்று பங்கு முந்தி.

ஒரு கரை துள்ளியது. மறுகரையிலிருந்து எழுந்த சத்தம் வேறு மாதிரி. வடக்கேச்சிறை ஆட்கள் வள்ளத்திலிருந்து குதித்து, இடுப்பளவு தண்ணீரில் துடுப்போடு கொட்டகையை நோக்கி வந்தார்கள். முன்னால் ஸிரில்.

“பலகைக் கள்ளன வெளியே அனுப்புங்கடா!”

நடுவர்கள் மேலேயிருந்து கேமராப் படத்தைத் தூக்கிக் காட்டினார்கள். “படமும் அவன் கம்ப்யூட்டர்ல வந்ததுதானே!” என்று பதில் வந்தது. ஷிபு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். அவன் காதில் “நீ இங்கயே நில்லு” என்று சொல்லிவிட்டு ஜின்ஸி வெளியே போனாள். துடுப்புகளுக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

“சேட்டாயி, நில்லு.”

“நீ விலகுடி! ஒன்றாம் தடம், கொற்றங்குழி, ஒரு மயிரிழை. போன வருஷம் எப்படியோ அப்படியேதான்!”

“அதை எழுதினது அவன். படிச்சது நான். எழுத்து விடாம நான் படிச்சேன். நான் யாரு? உன் தங்கச்சி. வடக்கேச்சிறைக்காரி. அவன் எழுதினதுல ஓட்டை கண்டுபிடிச்சு அவன் மூக்க உடைக்கணும்னே ஒரு வருஷமா உக்காந்து படிக்கிறேன்.”

“அப்ப ஒரு தப்பும் இல்லியா அதுல?”

இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பின்னால் நின்ற ரோய்ச்சன் அதைச் சொல்லச் சொல்லித்தான் கண்ணால் கெஞ்சினார். ஜின்ஸி மூச்சை இழுத்துவிட்டாள்.

“இருந்துச்சு. இன்னிக்கு மத்தியானமே இருந்துச்சு. இதே தப்புதான், கொற்றங்குழிக்குத் தூக்கிக் குடுக்கற தப்பு. அவன் செஞ்சான், நானும் பாக்காம விட்டேன். எங்க மெஷின் பிடிச்சுது. திருத்தினோம். திருத்தினத நம்பாம, எங்க முதலாளியத் தூக்கித் தண்ணில போட்டு இழுத்தோம். நீங்களும்தானே பாத்தீங்க? ஒன்றாம் தடத்துல வந்த ஆளு, கம்பெனிக்கே சொந்தக்காரரு, ஒரு விரல்கடை பிந்தினாரு, தோத்துட்டாருன்னு பலகை சொல்லலியா?”

தண்ணீரில் நின்ற கூட்டத்தில் எவனோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். “அந்த ஜிப்பாக்காரரா!”

“முதலாளிக்கே பொய் சொல்லாத பலகை உங்களுக்கா சொல்லப் போகுது? சேட்டாயி, நாம தோத்துட்டோம்.” தோற்றது அவள் கரையும்தானே. “நிஜமாவே தோத்துட்டோம்.”

ஸிரில் அவளை முறைத்துப் பார்த்தான். கண்ணில் தண்ணீர், காயல் தண்ணீரா வேறா என்று சொல்ல முடியாது. துடுப்பைத் தோளிலிருந்து இறக்கினான்.

“எவ்வளவுல தோத்தோம்?”

“ஒரு நொடிய ஆயிரமா வெட்டினா, அதுல மூணு.”

அவன் அந்த மூன்றை மனதுக்குள் நிறுத்துப் பார்ப்பவன்போல நின்றான். பிறகு சட்டென்று தன் ஆட்கள் பக்கம் திரும்பினான்.

“அப்ப கடைசி வளைவுல எவனோ ஒருத்தன் ஒரு துடுப்பு குறைச்சுப் போட்டிருக்கான். எவன்டா அது?”

“என்ன எதுக்குப் பாக்கற? நீதான் நடுவுல இருமின!”

“நானா? எடா, தாளம் தட்டறவன் தூங்கிட்டு இருந்தான், அதக் கேளு!”

“யாருடா தூங்கினது?”

கூட்டம் அப்படியே திரும்பி, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, கையை நீட்டிக் கத்திக்கொண்டே தங்கள் வள்ளத்துக்குப் போனது. ஷிபு கொட்டகை வாசலுக்கு வந்து ஜின்ஸி பக்கத்தில் நின்றான். தண்ணீருக்கு நடுவே நூறு பேரும் நூறு பேரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பலகையை ஒருவன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.